நாற்பத்தொன்றுக்கு முப்பத்து மூன்று

ஜூன் 19, புதன்

நாளை மண்டலம் ஆரம்பம். பதினெட்டுப் பெயர், நாற்பத்தொரு கட்டம். தாளில் கோடு போட்டு அட்டையில் செருகிவிட்டேன். பென்சில் இரண்டு சீவியாகிவிட்டது.

எங்கள் கல்லூரிக் கூடைப்பந்து அணிக்கு இது பழைய வழக்கம். முன்பிருந்த பி.டி. சார் மாலை போட்டு மலைக்குப் போகிறவர். அணி தேர்வு செய்யுமுன் ஒரு மண்டலம், நாற்பத்தொரு நாள், ஒவ்வொருவனும் காலையில் கோர்ட்டுக்குள் வந்தவுடன் கோட்டில் தனியாக நின்று வளையத்துக்குள் ஒரே ஒரு ஃப்ரீ த்ரோ போட வேண்டும். உடம்பு சூடாவதற்கு முன்னால், கை வழக்கப்படுவதற்கு முன்னால். "பெஞ்சுல இருந்து எந்திரிச்சு வர்றவனுக்கு ரெண்டாவது பந்து கிடைக்காது" என்பார். இப்போதிருக்கும் சூசை சார் ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். அவரும் இதை விடவில்லை. ஒன்பது வருஷமாகக் கணக்கு எழுதுவது நான். விடிகாலை ஐந்தே முக்காலுக்கு வந்து உட்கார வேறு எவனுக்கும் துப்பில்லை.

சாயங்காலம் கேலரி நாலாம் படியில் வழக்கமான கூட்டம். எல்லாம் பழைய மாணவர்கள், எல்லாம் வாய். பதினோரு பேர் முடிவாகிவிட்டது என்பதில் யாருக்கும் சண்டையில்லை. பன்னிரண்டாவது ஆள் யார் என்பதுதான் சண்டை. வீரணன் அந்த மேகமலைப் பையன் இன்பராஜைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுகிறான். எஸ்டேட்டில் வளர்ந்த முதல் வருஷப் பையன், ஆறடி ஐந்து அங்குலம். நான் 14-ஆம் நம்பர் சட்டை என்கிறேன். மூன்றாம் வருஷம், கடைசி வாய்ப்பு, மூன்று வருஷமாக ஒரு நாள் பயிற்சி தவறாதவன்.

14 என் மகன் சரண்ராஜ்தான். அதற்காகச் சொல்லவில்லை. கோர்ட்டு விஷயம் எழுதும்போது எண்ணைத்தான் எழுதுவேன், இல்லையென்றால் பாசம் என்பார்கள்.

ஜூன் 20, வியாழன்

முதல் நாள். 14 விட்டுவிட்டான், பந்து உள்ளே போகவில்லை. இன்பராஜ் போட்டான்.

தென்கரையில் நூற்றுப் பத்து வீட்டில் கரண்ட் மீட்டர் ரீடிங். ஒரு வீட்டில் மீட்டர் பெட்டிக்குள் குளவிக்கூடு.

ஜூலை 5, வெள்ளி

பதினாறு நாளில் 14: ஏழு. இன்பராஜ்: பதின்மூன்று. அந்தப் பையன் பந்தை மூன்று தடவை தட்டுகிறான், மூச்சு விடுகிறான், போடுகிறான். முகத்தில் ஒன்றும் இல்லை. ஆரம்பத்தில் எல்லோரும் இப்படித்தான் போடுவார்கள்.

வாட்ஸப்பில் 'நாலாம் படி' குழுவில் இன்று ரத்தக்களறி. வீரணன்தான் அட்மின், அந்தத் திமிர் வேறு. எழுதுகிறான்: "அடுத்த மூணு வருஷத்துக்கு டீம் கட்டணுமா, இல்ல மூணு வருஷமா பெஞ்சு தேய்ச்சவனுக்குப் பிரிவு உபசார விழா நடத்தணுமா?" இருபது பேர் சிரிப்புப் பொம்மை போட்டார்கள். நான் எழுதினேன்: "உயரம் பார்த்து எடுக்கணும்னா ஈ.பி. கம்பத்தை எடுக்கலாம். எங்கிட்ட நிறைய இருக்கு." நாற்பது சிரிப்பு.

ஜூலை 14, ஞாயிறு

நாலாம் படியில் கைகலப்பாகாமல் போனது பெரிய விஷயம்.

வீரணன் எல்லோர் முன்னாலும் சொன்னான்: "டேய் பவுன்ராஜ், உன் மகனுக்குக் கை நல்ல கைதான்டா. நீ மேல உட்கார்ந்து முறைச்சுப் பாக்கிறதுலதான் அவனுக்கு நடுங்குது."

"நடுங்குற கையைப் பத்தி நீ பேசாத" என்றேன்.

அவனுக்குத் தெரியும் நான் எதைச் சொல்கிறேன் என்று. தொண்ணூற்று மூன்றில் அவன் கேப்டன். பன்னிரண்டாவது இடத்துக்கு நானும் அவன் சித்தப்பா மகனும். "பவுன்ராஜுக்குக் கை நடுங்கும் சார்" என்று பி.டி. சாரிடம் சொன்னான். சித்தப்பா மகன் உள்ளே, நான் வெளியே. எல்லா வருஷமும் போல அந்த வருஷத்துப் பன்னிரண்டு பெயரும் உள்ளரங்குச் சுவரில் நீலப் பின்னணியில் வெள்ளை எழுத்தில் இருக்கிறது. கடைசிப் பெயர் அவன் சித்தப்பா மகன். முப்பத்தொரு வருஷமாக அந்தச் சுவரைத் தாண்டிப் போகிறேன். ஒரு எழுத்துக்கூட மங்கவில்லை, வருஷா வருஷம் பெயின்டர் தொட்டுவிடுகிறான். நாசமாய்ப் போக.

14 பெயர் அந்தச் சுவரில் ஏற வேண்டும். இதைத் தவிர எனக்கு வேறு ஆசை கிடையாது. எழுதிவிட்டேன்.

ஜூலை 22, திங்கள்

மழை. கோர்ட்டில் தண்ணீர். உள்ளரங்கு வளையத்தில் போட்டார்கள். 14 போட்டான். இன்பராஜும் போட்டான்.

ஜூலை 30, செவ்வாய்

மண்டலம் முடிந்தது. 14: பத்தொன்பது. இன்பராஜ்: முப்பத்து மூன்று.

சூசை சார் வந்து, "பன்னிரண்டாவது ஆளுக்கு உங்க நோட்டுதான் பவுன்ராஜ் தீர்ப்பு. எனக்கு ரெண்டு பேரும் ஒண்ணுதான். கடைசி நிமிஷத்துல பெஞ்சுல இருந்து வந்து ஒரு பந்து போடுறவன் வேணும். நாளான்னைக்கு ஃபேர் காப்பி கொடுத்துருங்க" என்றார்.

அந்த முதல் பந்து போடும் நேரத்துக்கு அவர் வருவதில்லை. எனக்கு முன்னால் இருந்த தாளையும் அவர் பார்க்கவில்லை. ஒன்பது வருஷமாகப் பார்த்ததில்லை. இருபத்தேழு வருஷமாக ரீடிங் எடுக்கிறவன், எண்ணில் தப்பு வராது என்று ஊருக்கே தெரியும்.

ஜூலை 31, புதன்

சாப்பிடும்போது 14 கேட்டான்: "எனக்கு எத்தனைப்பா?"

"நாளைக்கு நோட்டுல எழுதுறப்பத்தான் கூட்டணும்" என்றேன்.

"இருபதுக்கு மேல இருக்காது" என்றான். தட்டைப் பார்த்தபடியே சொன்னான். அவன் அம்மா பாண்டீஸ்வரி அவனுக்கு இன்னொரு தோசை வைத்தாள்.

ஆகஸ்ட் 1, வியாழன்

ஃபேர் காப்பி எழுதினேன். பேனாவில் எழுத வேண்டும், அடித்தல் திருத்தல் கூடாது, அது என் பழக்கம். பதினைந்தாவது வரியும் பதினாறாவது வரியும் மாறி விழுந்துவிட்டது. 14-க்கு நேரே முப்பத்து மூன்று, இன்பராஜுக்கு நேரே பத்தொன்பது. திருத்தினால் அடித்தல் வரும். ஒன்பது வருஷத்தில் என் நோட்டில் ஒரு அடித்தல் வந்ததில்லை. இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

வெந்நீர் அடுப்புக்குப் பாண்டீஸ்வரி தாள் கேட்டாள். பென்சில் தாள் கைக்குக் கிடைத்தது.

ஆகஸ்ட் 3, சனி

பன்னிரண்டு பேர் பட்டியல் நோட்டீஸ் போர்டில் ஏறிவிட்டது. கடைசிப் பெயர் சரண்ராஜ். பக்கத்தில் என் நோட்டுப் பக்கத்தின் ஜெராக்ஸ்.

நாலாம் படியில் இன்று நான்தான் ராஜா. வீரணன் ஜெராக்ஸை இரண்டு தடவை படித்துவிட்டு, "எஸ்டேட் பையன் பத்தொன்பதா? நான் வந்து பார்த்த ரெண்டு நாளும் போட்டானேடா" என்றான். "மிச்சம் முப்பத்தொன்பது நாள் நீ போர்வைக்குள்ள இருந்த" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். என்னைத் தோளில் தட்டினார்கள். உளுந்த வடை வாங்கிக் கொடுத்தேன்.

வீட்டுக்கு வந்தால் 14 வாசற்படியில் உட்கார்ந்திருந்தான். ஷூவைக்கூடக் கழற்றவில்லை.

"நோட்டு உன் கையெழுத்துதானேப்பா?"

"பின்ன யாரு கையெழுத்து?"

"சரி" என்றான். சாப்பிடவில்லை. சந்தோஷத்தில் சில பேருக்குப் பசிக்காது.

ஆகஸ்ட் 5, திங்கள்

14 ஐந்து மணிக்கே எழுந்து கோர்ட்டுக்குப் போய்விட்டான். எனக்கு முன்னால். "அப்பா வர வேணாம், மண்டலந்தான் முடிஞ்சிருச்சே" என்று பாண்டீஸ்வரியிடம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். நேரே என்னிடம் சொன்னால் என்ன, நான் கடித்தா விடுவேன்?

அணியில் சேர்ந்ததும் பையனுக்கு வெறி வந்துவிட்டது. நல்லது.

ஆகஸ்ட் 12, திங்கள்

இன்பராஜ் வழியில் நிறுத்தினான். நான் மீட்டர் ஏணியில் நின்றிருந்தேன். அவன் உயரத்துக்கு ஏணி தேவையில்லை, தரையில் நின்றே என் முகத்துக்கு நேரே பேசினான்.

"சார், கோவிச்சுக்கக் கூடாது. நான் முப்பதுக்கு மேல போட்ட மாதிரி ஒரு ஞாபகம். நோட்டுல பத்தொன்பதுன்னு இருக்கு."

"நோட்டுல என்ன இருக்கோ அதுதான்" என்றேன்.

"ஆமா சார். நான் நல்லா விழுந்த நாளை மட்டும் நெனப்புல வச்சிருக்கேன் போல. எங்கப்பாகிட்டயும் அதைத்தான் சொன்னேன். அவரு சண்டைக்கு வரேன்னாரு, பவுன்ராஜ் சார் நோட்டு தப்பாதுன்னு சொல்லி நிறுத்திட்டேன்." ஏணியைப் பிடித்துக்கொண்டான், நான் இறங்கும்வரை. "இந்த வருஷம் தண்ணி பாட்டில் தூக்குறேன் சார். அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்."

அந்த வீட்டு ரீடிங்கை இரண்டு தடவை சரி பார்த்தேன். 4,416. இரண்டு தடவையும் அதேதான்.

இந்தப் பையன் எதற்கு என்னிடம் வந்து இதையெல்லாம் சொல்ல வேண்டும். எரிச்சலாக வருகிறது.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

குழுவில் வீரணன் அடுத்த வருஷத்துக்குப் பட்டியல் போட்டிருக்கிறான். கம்பம் ஊரில் ஒரு பிளஸ் டூ பையன், தேவாரம் ஊரில் இரட்டையர்கள். "இவங்க மூணு பேரையும் மதுரைக்காரன் தூக்குறதுக்குள்ள நாம தூக்கணும். பன்னிரண்டாவது ஆள் மாதிரி ஆள் எல்லாம் போயிட்டா இடம் நிறைய காலியாகும்."

பதிலுக்கு நான் எழுதியதை இங்கே எழுத முடியாது. அவன் அப்பா வரைக்கும் போனேன். குழுவில் இரண்டு பேர் விலகிவிட்டார்கள்.

பாண்டீஸ்வரி கேட்டாள்: "உங்க சண்டையில அவன் எங்கங்க இருக்கான்? இருபத்தொரு வயசுப் பிள்ளை, ரெண்டு வாரமா வீட்டுல சிரிக்கல. என்னான்னு கேட்டீங்களா?"

"டீம்ல இருக்கான். டென்ஷன் இருக்கத்தான் செய்யும்" என்றேன்.

"டீம்ல இல்லாதப்பச் சிரிச்சான்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

ஆகஸ்ட் 27, செவ்வாய்

வடகரையில் ஒரு அம்மா தெருவைக் கூட்டிவிட்டாள். நான் மாடி வீட்டு ரீடிங்கைக் கீழ் வீட்டில் போட்டுவிட்டேனாம். "கண்ணு தெரியலன்னா வீட்டுல இருக்க வேண்டியதுதானே" என்று வாசலில் நின்று கத்தினாள். மீட்டரை அவள் கண் முன்னாலேயே திறந்து, எண்ணைச் சத்தம் போட்டுப் படித்துக் காட்டினேன். மோட்டாரை நிறுத்தாமல் இரண்டு நாள் ஊருக்குப் போயிருக்கிறாள். மாறவில்லை, என் கணக்குதான் சரி. "என் எழுத்துல மேல கீழ மாறாதும்மா" என்றேன்.

சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போகாமல் டீக்கடையில் உட்கார்ந்துவிட்டேன். வெயில்.

செப்டம்பர் 9, திங்கள்

டோர்னமென்ட் நாளை. எட்டுக் கல்லூரி, நம் கோர்ட்டிலேயே. 14 இன்றும் ஐந்து மணிக்குப் போய்விட்டான். அவன் பைக்குள் சின்ன டைரி ஒன்று இருக்கிறது, காலண்டர் கட்டம் போட்டது. ஒவ்வொரு நாளுக்கும் ஒரு டிக்கோ ஒரு பெருக்கல் குறியோ. ஏதாவது பெண் விவகாரமாக இருக்கும் என்று மூடி வைத்துவிட்டேன்.

செப்டம்பர் 13, வெள்ளி

எங்கள் பிரிவில் மூன்று ஆட்டமும் ஜெயித்து ஃபைனலுக்கு வந்தாகிவிட்டது. 14 ஒரு நிமிஷம்கூட இறங்கவில்லை. வீரணன் குழுவில் வெறும் பெஞ்சைப் படம் எடுத்துப் போட்டு "நம் பன்னிரண்டாவது வீரர் ஃபார்மில் இருக்கிறார்" என்று எழுதியிருக்கிறான். பொறுக்கி. பெயர் சுவரில் ஏறியதும் அந்தச் சுவரைப் படம் எடுத்து அவனுக்குத் தினம் ஒன்று அனுப்பப் போகிறேன்.

செப்டம்பர் 15, ஞாயிறு

எழுதிவிட வேண்டும். எழுதாமல் தூக்கம் வராது.

ஃபைனல். மதுரைக் கல்லூரியோடு. சாயங்காலம் நாலரைக்குத் தொடக்கம், நாலாம் படியில் ஊசி குத்த இடமில்லை. வீரணன் என் பக்கத்திலேயே வந்து இடித்துக்கொண்டு உட்கார்ந்தான்.

ஒன்பது நொடி பாக்கி. 68–68. பந்து மதுரைக்காரன் கையில். அவர்கள் சென்டர் நடுவரைப் பார்த்து ஏதோ அசிங்கமாகச் சொல்லிவிட்டான். விசில். டெக்னிக்கல் ஃபவுல். நமக்கு ஒரே ஒரு ஃப்ரீ த்ரோ, யார் வேண்டுமானாலும் போடலாம், பெஞ்சில் இருப்பவன்கூட. நம் நல்ல கை இரண்டும் ஐந்து ஃபவுல் வாங்கி வெளியே.

சூசை சார் சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து விரித்தார். மேலேயிருந்தே தெரிந்தது, என் நோட்டின் ஜெராக்ஸ். விரலை வைத்துக் கீழே கொண்டுபோனார். நிறுத்தினார். பெஞ்சைத் திரும்பிப் பார்த்தார்.

"யாரைடா கூப்பிடுறாரு?" என்றான் வீரணன்.

14 எழுந்தான். மேல் பனியனைக் கழற்றினான். கோட்டில் போய் நின்றான். பெஞ்சின் ஓரத்தில் தண்ணீர் பாட்டிலோடு நின்ற இன்பராஜ், "அண்ணே, முப்பத்து மூணுண்ணே, கண்ணை மூடிட்டுப் போடுங்க" என்று கத்தினான். உண்மையாகவே சந்தோஷமாகக் கத்தினான்.

14 பந்தைத் தட்டவில்லை. வளையத்தைப் பார்க்கவில்லை. நாலாம் படியைப் பார்த்தான். இத்தனை தலைக்கு நடுவில் நேரே என்னை.

நான் குனிந்து செருப்பு வாரைச் சரி செய்தேன். வாரில் ஒன்றும் கோளாறு இல்லை.

அதனால் பந்து போனதை நான் பார்க்கவில்லை. சத்தம்தான் கேட்டது. இரும்பின் முன் விளிம்பில் அடித்த சத்தம். பிறகு கேலரி முழுக்க ஒரு 'ச்சே'. பந்து மறுபடி அவர்களுக்கே, ஒன்பது நொடியில் மதுரைக்காரன் உள்ளே புகுந்து போட்டுவிட்டான். 70–68.

வீரணன் என்னைத் திட்டுவான் என்று காத்திருந்தேன். அவன் கோர்ட்டையே பார்த்துக்கொண்டு, "நாற்பத்தொண்ணுக்கு முப்பத்து மூணு போட்டவன் விடுற விடு இல்லடா இது" என்றான். "நான் அந்தப் பையன் போட்ட ரெண்டு நாளும் பார்த்தேன். இவன் விட்ட ரெண்டு நாளும் அதே ரெண்டு நாள்தான்." பிறகு என்னைப் பார்த்தான். "தொண்ணூத்து மூணுல நான் பொய் சொல்லல. உனக்கு நெசமாவே கை நடுங்குச்சு. ஆனா அன்னைக்கு உன்னைய அங்க கொண்டு போயி யாரும் நிறுத்தல."

எழுந்து போய்விட்டான்.

செப்டம்பர் 16, திங்கள்

காலையில் ஐந்து மணிக்கு 14 எழவில்லை. ஆறுக்கும் எழவில்லை. ஏழு மணிக்கு என் மேஜை முன்னால் வந்து நின்றான்.

"நோட்டைக் கொடுப்பா."

கொடுத்தேன். பக்கத்தைத் திருப்பினான்.

"ஏன்ப்பா இப்படிப் பண்ண?"

"வரி மாறி விழுந்துருச்சு" என்றேன்.

அவன் கோபப்பட்டிருந்தால் நானும் கத்தியிருப்பேன். அவன் பைக்குள்ளிருந்து அந்தச் சின்ன டைரியை எடுத்து என் முன்னால் வைத்தான். ஆகஸ்ட் ஐந்திலிருந்து செப்டம்பர் பதினாலு வரை. கட்டம் கட்டமாக.

"நானும் தனியா ஒரு மண்டலம் இருந்தேன். தினம் போனதும் மொதப் பந்து. அது மட்டுந்தான் கணக்கு. நீ எழுதுனதை நெசமாக்கிட்டா, இன்பராஜ்கிட்ட தலை நிமிந்து பேசலாம்னு நெனச்சேன். கடைசியில முப்பது வந்துச்சு. மூணுதான்ப்பா கொறைஞ்சுச்சு."

எண்ணிப் பார்த்தேன். முப்பது டிக். என்னால் வேறு ஒன்றும் செய்ய முடியவில்லை, எண்ணிப் பார்க்கத்தான் முடிந்தது. வரி மாறி விழவில்லை. நான்தான் மாற்றி எழுதினேன். எழுதும்போது தெரிந்தேதான் எழுதினேன்.

"நேத்து அங்க நின்னப்ப, நான் விட்ட பதினோரு பந்து மட்டுந்தான் நெனப்புல வந்துச்சு" என்றான். "முப்பதுல ஒண்ணுகூட வரல."

என் பேனாவை எடுத்தான். முப்பத்து மூன்றின் மேல் ஒரு கோடு. பத்தொன்பதின் மேல் ஒரு கோடு. இரண்டையும் இடம் மாற்றி எழுதினான். ஒன்பது வருஷத்தில் அந்த நோட்டில் விழுந்த முதல் அடித்தல். ஸ்கேல் வைக்காமலே நேராக இருந்தது. கை நடுங்கவில்லை.

"இதை சூசை சார்கிட்டக் காட்டிட்டு வரேன். சொவத்துல இன்பராஜ் பேரை எழுதச் சொல்லப் போறேன். அப்புறம், இனிமே நான் ஆடுற எடத்துக்கு நீ வராத."

நோட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டான். பாண்டீஸ்வரி அடுப்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். எனக்கு டீ கொண்டுவரவில்லை.

செப்டம்பர் 17, செவ்வாய்

தென்கரையில் தொண்ணூற்றாறு வீடு. ஒரு வீட்டில் நாய்.

சாயங்காலம் மேஜையில் நோட்டு திரும்பி வந்திருந்தது. அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து நாலாம் படியில் போட்டேன், அடித்தலோடு. கீழே "மாத்தி எழுதுனது நான். பையனுக்கு இதுல பங்கில்ல" என்று எழுதினேன். பிறகு கொட்டியது. திருட்டுப் பயல், ஈனப் பயல், இன்னும் என்னென்னவோ. ஒன்றுக்கும் நான் பதில் எழுதவில்லை.

கடைசியில் வீரணன் கேட்டான்: "பொய்யை எழுதுனது நீ. அடிச்சுத் திருத்துனது யாரு?"

'14' என்று தட்டினேன். அழித்துவிட்டு 'என் மகன்' என்று அனுப்பினேன்.

அதைப் படித்த பிறகுதான் என்னைக் குழுவிலிருந்து நீக்கினான்.